454 கோடி என்று எப்படிச் சொல்கிறோம்?

பாடநூல்களில் பூமியின் வயது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகள். தேர்வில் அதற்கு ஒரு மதிப்பெண். எதை எண்ணி அந்த எண்ணுக்கு வந்தார்கள் என்று கேட்கும் மாணவனுக்கு, "விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்பதோடு சரி. ஆனால் இந்த எண்ணுக்கு முன்னால் 75 ஆயிரம், 2 கோடி, 9 கோடி, 220 கோடி என்று பல எண்கள் வந்து போயிருக்கின்றன. எல்லாமே கெட்டிக்காரர்கள் உட்கார்ந்து போட்ட கணக்குகள். பெருக்கல் வகுத்தலில் யாரும் தவறவில்லை. எதை அளந்தார்களோ அது எப்படி நடந்துகொள்ளும் என்ற அனுமானத்தில்தான் தவறினார்கள். அந்தப் பிழைகள் எப்படிப் பிடிபட்டன என்று பார்த்தால்தான் இன்றைய 454 கோடியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது விளங்கும்.

1650இல் அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் உஷர், உலகம் கி.மு. 4004 அக்டோபரில் படைக்கப்பட்டது என்று எழுதினார். இன்று அவரைக் கேலி செய்யாதவர் இல்லை. எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. பைபிள் வம்சாவளிகளையும் பாபிலோனிய, பாரசீக அரசர்களின் ஆண்டுக் கணக்குகளையும் ஒத்துப்பார்த்து அவர் செய்தது அந்தக் காலத்துக்கு நேர்மையான ஆய்வு. ஏடுகள் மட்டுமே சான்று என்று நினைத்த காலம் அது. பாறையும் ஒரு சான்று என்பது அப்போது அவருக்கு மட்டுமல்ல, பெரும்பாலோருக்கும் தோன்றியிருக்கவில்லை.

நம் பக்கத்தில் வேறொரு பழக்கம் உண்டு. பிரம்மாவின் ஒரு பகல், அதாவது ஒரு கல்பம், 432 கோடி ஆண்டுகள். நவீன அறிவியல் சொல்வது 454 கோடி. ஆகவே முன்னோர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று மேடைகளில் கேட்கிறோம். கல்பம் என்பது 43,20,000 ஆண்டுகள் கொண்ட மகாயுகத்தை ஆயிரத்தால் பெருக்கி வந்த தொகை. அது முழுப் பகலின் நீளம். அதே மரபின் கணக்குப்படி இந்தக் கல்பத்தில் இதுவரை கழிந்தது சுமார் 197 கோடி ஆண்டுகள்தான். வயது என்று ஒப்பிடுவதானால் அதைத்தான் ஒப்பிட வேண்டும். அது பாதிகூடத் தேறாது. இவ்வளவு பெரிய காலத்தை அஞ்சாமல் கற்பனை செய்த மரபு நம்முடையது என்று பெருமைப்படலாம், அதில் தவறில்லை. ஆனால் அந்த எண் எந்தக் கல்லிலிருந்தும் எடுக்கப்பட்டதல்ல.

கல்லைப் படிக்கத் தொடங்கியவர்களில் முதலில் வருபவர் டென்மார்க்கின் நிக்கோலஸ் ஸ்டீனோ. கீழே இருக்கும் படிவு மேலே இருப்பதைவிட மூத்தது என்று 1669இல் எழுதினார். கேட்டால் யாருக்குத்தான் தெரியாது என்று தோன்றும். அதன் முழு விளைவு புரிய இன்னும் 120 ஆண்டுகள் ஆயின. 1788இல் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் சிக்கர் பாயின்ட் என்ற முனைக்கு ஜேம்ஸ் ஹட்டன் தன் நண்பர்கள் ஜான் பிளேஃபேர், ஜேம்ஸ் ஹால் இருவரையும் படகில் கூட்டிப்போனார். ஹட்டன் மருத்துவம் படித்தவர். பிழைப்புக்கு விவசாயம் பார்த்து, மழையில் தன் வயலின் மண் கரைந்து போவதைக் கவனித்தவர். அந்த முனையில் சாம்பல் நிற மணற்பாறை அடுக்குகள் ஏறக்குறையச் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் வெட்டுண்ட தலைகள்மேல் செம்மணற்பாறை கொஞ்சமே சாய்ந்து, படுத்த வாக்கில் கிடக்கிறது.

இதை ஒரு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். சாம்பல் நிற அடுக்கு கடலடியில் கிடைமட்டமாகப் படிந்திருக்க வேண்டும். அது பாறையாக இறுக வேண்டும். நிலம் மடங்கி அதைச் செங்குத்தாக நிமிர்த்த வேண்டும். மலையாக எழுந்த அது மழையிலும் காற்றிலும் மட்டமாகும்வரை தேய வேண்டும். அதற்குப் பிறகுதான் அதன்மேல் சிவப்பு மணல் வந்து படிய முடியும். அந்த மணலும் பாறையாகி, மறுபடி உயர்ந்து, இன்று அலை அதை அரித்துக்கொண்டிருக்கிறது. வயலில் மண் கரையும் வேகத்தில் இதெல்லாம் நடக்க எத்தனை காலம் வேண்டும்? ஹட்டன் எண் எதையும் சொல்லவில்லை. தொடக்கமோ முடிவோ தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார். இன்றைய அளவீட்டின்படி அந்த இரண்டு பாறைகளுக்கும் நடுவே மட்டும் ஆறரைக் கோடி ஆண்டுகள் போல விடுபட்டிருக்கின்றன.

முன்பின் தெரிவது வேறு, எத்தனை ஆண்டு என்று தெரிவது வேறு. அரியலூர் இதற்கு நல்ல உதாரணம். 1840களில் கேய், கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர்கள் தென்னிந்தியாவில் சேகரித்து லண்டனுக்கு அனுப்பிய சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் பார்த்து, இவை ஐரோப்பாவின் கிரெட்டேசியஸ் படிவுகளில் கிடைப்பவற்றுக்கு இணையானவை என்று எட்வர்டு ஃபோர்ப்ஸ் கண்டுகொண்டார். பின்னர் ஹென்றி பிளான்ஃபோர்டு திருச்சி, அரியலூர் வட்டாரங்களை நடந்து அளந்து, படிவுகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று வரிசைப்படுத்தினார். எது மூத்தது எது இளையது என்பதில் ஐயமே இல்லை. அங்கே கடல் இருந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று கேட்டிருந்தால் மட்டும் அவர்களால் வாய் திறந்திருக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நிலவியல் முழுவதும் இப்படித்தான் இருந்தது: வரிசை தெரியும், ஆண்டு தெரியாது.

ஆண்டு கேட்டவர்கள் இயற்பியல்காரர்கள். முதல் முயற்சி பிரான்ஸின் பூஃபோன் செய்தது. இரும்புக் குண்டுகளைப் பழுக்கக் காய்ச்சி, ஆற எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்து, பூமி அளவுக்குப் பெருக்கி, 1778இல் சுமார் 75 ஆயிரம் ஆண்டுகள் என்று அச்சிட்டார். அச்சிடாத கையெழுத்துப் படிகளில் எண் முப்பது லட்சம் வரை போகிறது. திருச்சபைக்குப் பயந்தா, வாசகருக்குப் பயந்தா என்பது வேறு விவாதம்.

அதே கேள்வியை 1862இல் வில்லியம் தாம்சன், பிற்காலத்து கெல்வின் பிரபு, கணிதமாகப் போட்டார். பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு கூடும். கோலார் தங்கவயலில் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு இறங்கிய தமிழ்த் தொழிலாளர்கள் அதை உடம்பால் அறிந்தவர்கள். ஒரு காலத்தில் உருகிக் கிடந்த கோளம், உள்ளே முழுக்கத் திடமாகி, வெப்பத்தைக் கடத்தி மட்டுமே ஆறிக்கொண்டு வந்தால், மேற்பரப்புக்கு அருகே இன்று தெரியும் அளவு வெப்ப ஏற்றத்துக்கு வர எவ்வளவு காலம்? 2 கோடிக்கும் 40 கோடிக்கும் நடுவே, பெரும்பாலும் 10 கோடி என்றார் அவர். 1897இல் அதையும் 2 முதல் 4 கோடியாகச் சுருக்கிவிட்டார். தென் இங்கிலாந்தின் வீல்டு பள்ளத்தாக்கு அரிக்கப்பட 30 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று 1859இல் எழுதிய டார்வின், கெல்வினின் கணக்கு வருமுன்னரே, 1861இல் வந்த தன் நூலின் மூன்றாம் பதிப்பில் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார். கெல்வினின் கணக்குக்கு எதிரே நிலவியலாளர்களிடம் பதில் இல்லை.

கெல்வின் ஏன் தவறினார் என்பதற்கு எல்லாப் புத்தகங்களிலும் ஒரே விடைதான் இருக்கிறது: கதிரியக்கம் பூமிக்குள் வெப்பத்தை உண்டாக்குகிறது, அது அவருக்குத் தெரியாது. 1904இல் லண்டனில் ரூதர்ஃபோர்டு இதைப் பேசியபோது முதிய கெல்வின் கூட்டத்தில் உட்கார்ந்திருந்ததும், தூக்கம் கலைந்து முறைத்துப் பார்த்ததும், ரூதர்ஃபோர்டே பின்னாளில் சுவையாகச் சொன்ன கதை. நல்ல கதை; அதனாலேயே நிலைத்துவிட்டது. உண்மையில் கதிரியக்க வெப்பத்தைக் கெல்வினின் கணக்கில் சேர்த்தாலும் விடை பெரிதாக மாறாது. அவருடைய மாதிரியில் அந்தக் காலத்துக்குள் மேல்தோலுக்கு அருகிலுள்ள வெப்பம் மட்டுமே வெளியே வந்து சேரும். ஆழத்தில் என்ன சுரந்தாலும் கணக்கைத் தொடாது. அசல் ஓட்டையை 1895இலேயே ஒருவர் சுட்டிக்காட்டிவிட்டார்: கெல்வினிடம் ஒரு காலத்தில் உதவியாளராக இருந்த ஜான் பெர்ரி என்ற பொறியாளர். பூமியின் உட்பகுதி திடமாக உறைந்து கிடக்காமல் மெல்ல மெல்லப் புரண்டு ஓடுமானால், கீழுள்ள வெப்பம் தொடர்ந்து மேலே வரும். அப்படியானால் அதே வெப்ப ஏற்றம் 200, 300 கோடி ஆண்டுகள்கூட நீடிக்கும் என்றார். குருநாதரை எதிர்க்கத் தயங்கித் தயங்கித்தான் எழுதினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரைச் செவிமடுத்திருந்தால், கண்டங்கள் நகரும் என்பதை ஏற்கத் தேவையான அடிப்படை எண்ணமும் அரை நூற்றாண்டு முன்னரே கைக்கு வந்திருக்கும்.

அயர்லாந்து இயற்பியலாளர் ஜான் ஜோலியின் உப்புக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆறுகள் ஆண்டுதோறும் கடலுக்குக் கொண்டுவரும் சோடியத்தால் கடலில் இருக்கும் மொத்தச் சோடியத்தை வகுத்து, 1899இல் சுமார் 9 கோடி என்றார். கடலுக்குள் வந்த உப்பு வெளியே போகாது என்பது அனுமானம். வேதாரண்யத்து உப்பளத்துக்காரர் எவரும் அதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். உப்புப் படிவுகளாகவும் களிமண்ணோடு சேர்ந்தும் கடலை விட்டுச் சோடியம் போய்க்கொண்டேதான் இருக்கிறது.

கதிரியக்கம் செய்த உண்மையான உதவி வெப்பத்தில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. யுரேனியம் ஒரு மாறாத விகிதத்தில் சிதைந்து கடைசியில் ஈயமாகிறது. ஒரு கனிமத்தில் யுரேனியம் எவ்வளவு மிச்சம், ஈயம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் அது பிறந்த காலம் தெரியும். 1907இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து பெர்ட்ராம் போல்ட்வுட் இப்படிச் சில கனிமங்களுக்கு வயது சொன்னார். குறைந்தது 41 கோடி. கூடியது 220 கோடி. அந்த 220 கோடிக்குச் சொந்தக்காரர் இலங்கைக் கல்: சபரகமுவப் பகுதியில் ரத்தினக் கல் தேடி அரிக்கும் ஓடைச் சரளையில் கிடைத்த தோரியனைட். கறுத்த, கையில் எடுத்தால் எதிர்பாராத கனம் கனக்கும் சின்னச் சதுரக் கட்டிகள். 1904இல்தான் அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். அப்போது இலங்கைக் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைவர் ஆனந்த குமாரசாமி. நடராஜரைப் பற்றி எழுதிய கலை வரலாற்றாசிரியராக மட்டும் அவரை அறிந்தவர்கள், லண்டன் பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற முனைவர் பட்டம் நிலவியலுக்கானது என்பதையும் தெரிந்துகொள்ளலாம்.

அந்த 220 கோடி தவறு. இலங்கைக் கற்கள் அந்த வடிவத்துக்கு வந்தது ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான். தோரியமும் சிதைந்து ஈயமாகும் என்பதைப் போல்ட்வுட் கணக்கில் சேர்க்கவில்லை. தோரியனைட்டோ, பெயரே சொல்வதுபோல, பெரும்பகுதி தோரியம். தோரியம் பெற்ற பிள்ளையையும் யுரேனியத்தின் பெயரில் எழுதினால் வயது ஏறத்தானே செய்யும்? 1911இல் லண்டன் மாணவர் ஆர்தர் ஹோம்ஸ் போட்ட பட்டியலிலும் இலங்கைக்கே முதலிடம்: 164 கோடி. பிழை அவிழ்ந்ததும் இலங்கைக் கல்லால்தான். ஒரே தனிமத்தில் எடை வேறுபட்ட அணுக்கள், அதாவது ஐசோடோப்புகள், உண்டு என்று 1913இல் சொன்ன ஃபிரெடெரிக் சாடி, அதை மெய்ப்பிக்க இலங்கைத் தோரைட் கனிமத்திலிருந்து ஈயத்தைப் பிரித்து நிறுத்துப் பார்த்தார். அது சாதாரண ஈயத்தைவிட எடை கூடுதலாக இருந்தது. யுரேனியக் கனிமத்து ஈயம் எடை குறைவாக இருந்தது. தோரியம் தருவது ஈயம்-208. யுரேனியம் தருவது ஈயம்-206ம் 207ம். எந்த ஈயம் யாருடையது என்று தெரிந்த பிறகே இந்தக் கடிகாரம் பயனுக்கு வந்தது.

இன்னும் ஒரு தடை. பூமி பிறந்தபோதே அதில் கொஞ்சம் ஈயம் இருந்திருக்கும். அந்த முதல் ஈயத்தின் கலவை தெரியாமல், பிறகு சேர்ந்தது எவ்வளவு என்று சொல்ல முடியாது. பூமியில் அதைத் தேடிப் பயனில்லை. எல்லாம் உருகிக் கலந்துவிட்டன. சூரியக் குடும்பத்தோடு சேர்ந்து பிறந்து, அதற்குப் பின் யுரேனியத்தின் கை படாத பொருள் வேண்டும். அமெரிக்காவின் அரிசோனாவில் பெரும் பள்ளத்தை உண்டாக்கிய கேன்யன் டயாப்லோ இரும்பு விண்கல்லில், இரும்பும் கந்தகமும் சேர்ந்த டிராய்லைட் என்ற கனிமம் இருக்கிறது. அதில் ஈயம் உண்டு, யுரேனியம் அநேகமாக இல்லை.

அதை அளக்கப் புறப்பட்ட அமெரிக்க நிலவேதியியலாளர் கிளேர் பேட்டர்சனுக்கு ஆண்டுக்கணக்கில் ஒரே தொல்லை. ஒவ்வொரு முறையும் ஈயம் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக வந்தது. தண்ணீரில் ஈயம், கண்ணாடிக் குடுவையில் ஈயம், அமிலத்தில் ஈயம், தூசியில், துணியில், தன் தலைமுடியில். ஒவ்வொன்றாகத் துரத்தி, கலிபோர்னியாவில் தூசி புகாத ஆய்வறை ஒன்றைக் கட்டினார். 1953இல் மாதிரியை ஆர்கோன் தேசிய ஆய்வகத்தின் நிறை நிறமாலைமானியில் அளந்தார். 1956இல் வெளியான கட்டுரையில் ஐந்து விண்கற்களின் ஈய விகிதங்களும் ஒரே கோட்டில் அமர்ந்தன. பசிபிக் கடலடி வண்டலின் ஈயமும் அதே கோட்டில் விழுந்தது. 455 கோடி, 7 கோடி கூடவோ குறையவோ. எழுபது ஆண்டுகளாகக் கருவிகள் எவ்வளவோ மாறியும் அந்த எண் அந்த வரம்பைத் தாண்டவில்லை. இன்று 454, ஐந்து கோடி கூடக் குறைய என்கிறார்கள். ஆய்வறையை மாசாக்கிய ஈயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி, பெட்ரோலில் கலக்கும் ஈயத்துக்கு எதிரான போராட்டத்தில் பேட்டர்சனைக் கொண்டுபோய் விட்டது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது 2000இல்.

சிதைவு வேகம் அன்றும் இன்றும் ஒன்றுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி? நியாயமான கேள்வி. யுரேனியம் ஒரே உடலில் இரண்டு கடிகாரம் வைத்திருக்கிறது: யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள், யுரேனியம்-235க்கு 70 கோடி. சிர்கான் படிகம் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. மணவாளக்குறிச்சிக் கருமணலில் கிடைக்கும் அதே சிர்கான். சேதமில்லாத ஒரு சிர்கானில் இரண்டு கடிகாரமும் ஒரே வயதைக் காட்டுகின்றன. ஈயம் கசிந்திருந்தால் இரண்டும் முரண்பட்டு, கசிந்ததையும் காட்டிக்கொடுத்துவிடும்.

அணுவோடு சம்பந்தமே இல்லாத சான்று ஒன்றும் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதுதான். பவளங்கள் நாளுக்கு ஒரு மெல்லிய சுண்ணாம்பு வரி போடும். ஆண்டுக்கு ஒரு பட்டையும் தெரியும். 1963இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஜான் வெல்ஸ் டெவோனியன் காலப் பவளப் புதைபடிவங்களில் ஓர் ஆண்டுப் பட்டைக்குள் இருந்த வரிகளை எண்ணினார். ஏறத்தாழ 400. நிலவின் இழுப்பால் பூமியின் சுழற்சி நூறாண்டுக்கு ஏறக்குறைய இரண்டு மில்லி விநாடி தளர்கிறது என்பது வானியல் கணக்கு. கதிரியக்கம் டெவோனியனுக்குச் சொன்ன வயது 38 கோடி ஆண்டு. அவ்வளவு காலத்துக்குப் பின்னோக்கிக் கணக்கிட்டால் ஒரு நாள் 22 மணி நேரம், ஓர் ஆண்டுக்கு 400 நாள். பவளத்துக்கு யுரேனியமும் தெரியாது, வானியலும் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கீழடி அகழாய்வுக்குப் பிறகு கரிமக் கணிப்பு என்ற சொல் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. பூமியின் வயதையும் அதே முறையில்தான் சொன்னார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். கரிமம்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகளே ஆகும். ஐம்பதாயிரம் ஆண்டுக்கு மேல் அளக்க அதில் மிச்சம் எதுவும் இருக்காது. டைனோசர் எலும்புக்குக் கரிமக் கணிப்பு செய்யச் சொல்வது, வீட்டுத் தராசில் லாரியை நிறுத்தச் சொல்வதற்குச் சமம்.

எண் உறுதியாகிவிட்டது, மனதில் ஏறுகிறதா என்பது வேறு. ஓர் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக் கன்னியாகுமரியிலிருந்து நேர் வடக்கே போவோம். தஞ்சைப் பெரிய கோயில் ஒரு மீட்டர் தூரத்தில். கீழடி மூன்று மீட்டருக்குள். மனித இனம் தோன்றியது 300 மீட்டரில். டைனோசர்கள் அழிந்தது 66 கிலோமீட்டரில், திருநெல்வேலிக்குச் சற்று முன்னால். ஊட்டத்தூர்க் கடல் கயத்தாறு பக்கம். கண்ணுக்குத் தெரியும் விலங்குகள் கடலில் பெருகியது பெங்களூர் அருகே. உயிரின் மிகப் பழைய தடயங்கள் இமயத்தையும் தாண்டி காஷ்கர் பக்கம். பூமியின் பிறப்போ 4,540 கிலோமீட்டரில், கஜகஸ்தானின் புல்வெளியில். பெங்களூரிலிருந்து கஜகஸ்தான் வரை அநேகமாக நுண்ணுயிர்களைத் தவிர யாரும் இல்லை என்பதுதான் இந்தப் பயணத்தில் உறைக்க வேண்டிய செய்தி.

இன்னும் நடக்கும் விவாதம் எண்ணைப் பற்றியதல்ல, எதைப் பிறப்பு என்பது என்பதைப் பற்றியது. சூரியக் குடும்பத்தின் முதல் திடப்பொருள்கள் 456.7 கோடி ஆண்டுகள் பழையவை. பூமி ஒரே நாளில் திரளவில்லை; கோடிக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. நிலவைப் பிறப்பித்த மோதல் எப்போது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் சில கோடி ஆண்டு வித்தியாசம் இருக்கிறது. அந்த முதல் காலத்துப் பாறை எதுவும் மிஞ்சவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு சிர்கான் துகள் 440 கோடி காட்டியது. ஒடிசாவின் சம்புவா பகுதிப் பாறையிலிருந்து 2018இல் ஒரு துகள் 424 கோடி காட்டியது. பரங்கிமலையின் சார்னோகைட் இவற்றுக்கு எவ்வளவோ இளையது, ஏறத்தாழ 250 கோடி. ஆனாலும் சென்னை விமான நிலையத்திலிருந்து நடந்து போய்த் தொட்டுப் பார்க்கலாம்.

தெற்கே இன்னொன்றும் தொட்டுப் பார்க்கக் கிடைக்கிறது: பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தின் செம்மண் ஓடைகள். பத்துக் கோடி ஆண்டு முந்தைய கடலடி. இப்போது விடுமுறை நாள்களில் அங்கே கூட்டம் போகிறது, பைகளோடு. கிடந்த படிவையும் அதன் உயரத்தையும் குறிக்காமல் எடுத்துவந்த அம்மோனைட் எந்தக் காலத்துக்கும் சான்றாகாது, அலமாரிப் பொம்மைதான். போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள், படம் எடுங்கள். கல்லை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.